தவளை வண்டியின் அடித்தகடு

தவளை வண்டிக்கு அடித்தகடு கட்டியது எப்படி என்று, பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஷீட் எத்தனை மில்லி, போல்ட் எத்தனை, மதுரையில் எந்தக் கடையில் வாங்கியது என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதைச் செல்வத்திடம் கேளுங்கள். பட்டறை இப்போது அவர் கையில்தான் இருக்கிறது. அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆள். வேலையை விட்ட பிறகும் என்னைத் தூங்க விடாத விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அதை எழுதித் தருகிறேன். பாதியில் போனைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை மடித்து வைத்துவிட்டு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களும் ஜீப் டிரைவர்களுமாகச் சேர்ந்து ஒரு மீட்புக் குழு வைத்திருந்தார்கள். வெள்ளம் வந்தால், மலையில் ஆள் காணாமல் போனால் அவர்கள்தான் முதலில் போய் நிற்பார்கள். கேரளத்து எஸ்டேட் ஒன்றில் சும்மா கிடந்த வண்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். எட்டுச் சக்கரம். உடம்பு முழுக்க ஒரே பச்சை நிற பிளாஸ்டிக் தொட்டி. தரையில் சக்கரத்தால் ஓடும், தண்ணீரில் மிதந்துகொண்டு அதே சக்கரத்தால் துழாவிப் போகும். பார்த்தவர்கள் தவளை என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே முல்லையாற்றில் தண்ணீர் குறைவாக இருந்தபோது ஓட்டிப் பழகினார்கள். ஆற்றுப் பாறை ஒன்று வண்டியின் வயிற்றைக் கிழித்துவிட்டது. கிழிந்ததை ஒட்டிக்கொண்டு நேராக நம் பட்டறைக்கு வந்தார்கள். தேனியில் ஜீப்புக்கு அடித்தகடு என்றால் நம்மிடம்தான் வருவார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஜீப்புகளுக்கு எத்தனை தகடு அடித்திருப்போம் என்று கணக்கே கிடையாது. அந்தத் தைரியத்தில் தவளைக்கும் இரும்பில் ஒன்று அடித்து மாட்டி, கண்மாயில் இறக்கிப் பார்த்தோம். மூக்கைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. பத்தடி போவதற்குள் முன்பக்க விளிம்புக்கு மேலே தண்ணீர் ஏறியது. கரையில் நின்ற மாடு மேய்க்கிறவர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நியாயமானது.

இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆலைகளில் மணலும் ஜல்லியும் சரிந்து விழுகிற தொட்டிக்கு உள்ளே விரிப்பார்களே, அந்தத் தடித்த வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கி வந்தோம். தண்ணீரில் போட்டால் மிதக்கும், பாறையில் உரசினால் வழுக்கிக்கொண்டு போகும். சூடு காட்டி வளைத்து, தொட்டியின் வயிற்றுக்குச் சரியாக உட்கார வைத்தோம். தொட்டியின் அடியில் ஓட்டை போடக் கூடாது என்பதால், ஷீட்டின் ஓரங்களை மேலே மடக்கிப் பக்கவாட்டில் போல்ட் போட்டோம். தொட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் கட்டை வைத்து இடைவெளி விட்டேன். பின்பக்கம் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தே விட்டேன். முன்னால் நுழைகிற மணலும் சரளையும் தண்ணீரோடு சேர்ந்து பின்னால் போய்விட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தை நான் யாரிடமும் வாயைத் திறந்து சொல்லவில்லை. தகட்டைப் பார்த்தாலே தெரியும் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு இடத்தைக் காரணத்தோடு திறந்து விட்டிருக்கிறீர்கள் என்றால், அந்தக் காரணத்தை வண்டியை எடுத்துப் போகிறவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது முடிக்காத வேலை. நல்ல மனது உள்ளவராக இருந்தால் அவரே முடித்தும் வைத்துவிடுவார்.

அந்த நல்ல மனதுக்காரர் அந்தோணி. குழுவின் டிரைவர் அவர்தான். போடிமெட்டு வளைவுகளில் பதினைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மழையிலும் பனியிலும் ஜீப் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகும்போதும் நகத்தில் கிரீஸ் இருக்கும். வண்டியில் எங்காவது கடகடவென்று சத்தம் கேட்டால் சாப்பாடு இறங்காது அவருக்கு. தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே கல் புகுந்து குலுங்குகிற சத்தம் அவரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஜீப்பில் செய்கிறபடியே, பழைய டியூப் ரப்பரைப் பட்டையாக வெட்டி, பின்பக்க இடைவெளியை அடைத்து, வரிசையாக ஸ்க்ரூவும் போட்டுவிட்டார். மலைப் பாதை ஜீப்பில் அது சரியான வேலை. அடித்தகட்டுக்கு மேலே சேறு போய் அடையாது. குழுவின் கொட்டகையில் வைத்துச் செய்ததால் எனக்கு அது தெரியவே இல்லை.

பிறகு ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழுவின் கொட்டகைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் தவளையை நம் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெயின் ரோட்டு மேலே இருப்பதால் கூப்பிட்ட உடனே கிளம்ப வசதி. அன்றைக்குக் காலையில் தாழ்வான இடத்தில் இருக்கிற ஒரு காலனியிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்துவிட்டு அந்தோணி மதியம் வந்து சேர்ந்தார். நனைந்து, நடுங்கிக்கொண்டு, ஆனால் சந்தோஷமாக வந்தார். ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொல்லிக்கொண்டே டீ குடித்தார். பேச்சுவாக்கில், உள்ளே வந்த தண்ணீரை இறைக்கிற பம்ப் காலையிலிருந்து ஓய்வே இல்லாமல் ஓடியது என்றும் சொன்னார். மழைத் தண்ணீராக இருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

நான் வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தரைக்கு வந்து இவ்வளவு நேரம் ஆகியும் தகட்டின் முன் விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டோடு மணலும் வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மணலில் மாவு மாதிரி ஏதோ கலந்திருந்தது. வெள்ளையாக இருந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். தகடு தேய்கிறது, தேயட்டும், தேய்வதற்குத்தானே மாட்டியிருக்கிறோம் என்று விட்டிருப்பேன். அது பச்சையாக இருந்தது. தகட்டுக்கு மேலே எங்கேயோ தொட்டி அரைபட்டுக்கொண்டிருக்கிறது என்பது அந்த நிமிஷமே புரிந்தது. எவ்வளவு தூரம் அரைபட்டிருக்கிறது என்பதைத் தகடு மறைத்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நிற்பதற்குள் ஒரு மினி வேன் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கி ஓடி வந்தார். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகுதான் தெரியும். ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடுகிற இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது, அதில் அவர்களுக்கு வாழைத்தோப்பு. தண்ணீர் ஏறுகிறது என்றதும் அவர் கணவர் தங்கராசுவும் கொழுந்தன் குமாரும் மோட்டாரைக் காப்பாற்றப் போயிருக்கிறார்கள். நம் பக்கத்தில் வெள்ளத்துக்கு ஆள் சாகிறதில் பாதி இப்படித்தான். உயிரைவிட மோட்டார் பெரிது என்று யாரும் நினைப்பதில்லை, தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் கொடுக்கும் என்று நினைக்கிறார்கள். மோட்டாரைக் கயிறு கட்டி மேலே தூக்கும்போது கயிறு அறுந்து தங்கராசுவின் தொடையில் விழுந்துவிட்டது. தம்பி அவரை எப்படியோ மோட்டார் ரூம் கூரைமேல் ஏற்றிவிட்டு, போன் பண்ணியிருக்கிறார். தீயணைப்புக்காரர்களின் படகு வேறு ஊருக்குப் போயிருந்தது. தவளை நம் பட்டறையில் நிற்கிறது என்று யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார்கள்.

போனை ஸ்பீக்கரில் போட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவே குமாரின் குரல் கேட்டது. துண்டை வைத்து இறுக்கிக் கட்டியும் அண்ணனுக்கு ரத்தம் நிற்கவில்லை என்றார். பேசுகிறாரா என்று கேட்டேன். பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார் என்றார்.

அந்தோணி அதற்குள் டிரைவர் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பச்சை மாவைக் காட்டினேன். அவர் பார்த்தார், ஆனால் அவர் கண்ணுக்கு அப்போது அது ஏறவில்லை. பம்ப் ஓடுகிறது, போய்விட்டு வந்துவிடலாம் என்றார். காலையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி, இப்போது இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வராதா என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. குழுத் தலைவருக்குப் போன் போட்டேன். அவர் வேறொரு இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வண்டி போகலாமா கூடாதா என்பதை வேலை செய்தவர்தான் சொல்ல வேண்டும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தொழிலில் இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். எல்லாரும் உங்கள் வாயைப் பார்ப்பார்கள். உங்களிடம் இருப்பது விரல் நுனியில் ஒட்டிய கொஞ்சம் மாவு மட்டும்தான். காலையில் ஓடிய வண்டி இப்போதும் ஓடும் என்று சொல்வது எளிது, அப்படிச் சொன்னால் உங்களை எல்லாரும் கும்பிடுவார்கள். நான் யோசித்தது இதுதான். காலையில் போனது தேங்கி நின்ற தண்ணீர். இப்போது போக வேண்டியது ஓடுகிற ஆறு. நடுவில் தொட்டி விட்டுப்போனால் பம்ப் ஒன்றும் செய்யாது. கூரைமேல் இருக்கிற இரண்டு பேரோடு, போகிறவர்களும் சேர்ந்து போவார்கள். தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் வண்டி நகராது என்றேன். அந்தோணியை இறங்கச் சொல்லிக் கத்தினேன். அவ்வளவு வருஷப் பழக்கத்தில் அவரிடம் நான் கத்தியது அது ஒரு தடவைதான்.

பேச்சியம்மாள் அழவில்லை, காலில் விழவில்லை. என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"எம்புட்டு நேரம் ஆகும்ண்ணே?"

"அரை மணிதாம்மா. கழட்டிப் பாத்துட்டு, ஒட்டிக்கிட்டுக் கிளம்பிருவோம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு வேனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

போல்ட் ஒவ்வொன்றும் மணல் இறுகிக் கிடந்தது. பாதி கழன்றது, பாதி தலை உருண்டது. உருண்டதை வெட்டலாம் என்று கிரைண்டரை எடுத்தால் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை மழையிலிருந்து இழுத்து வந்து கிளப்புவதற்குள் செல்வம் உளியாலேயே இரண்டு போல்ட்டை வெட்டிவிட்டார். எல்லா போல்ட்டும் போன பிறகும் தகடு கீழே வரவில்லை. உள்ளே அடைந்த மணல் அதைத் தொட்டியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. கடப்பாரையால் நெம்பினால் தொட்டியும் கிழியும் என்பதால் மரக்கட்டையை வைத்து மெல்ல மெல்லத் தட்டினோம். ஒரு கட்டத்தில் மொத்தமும் பொலபொலவென்று சரிந்து செல்வத்தின் மார்பில் கொட்டியது. ஒரு சிமெண்ட் மூட்டை அளவுக்கு மணலும் சரளையும் இருக்கும். பின்னால் அடைத்திருந்த ரப்பர் பட்டை அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அந்தோணியும் அதைப் பார்த்தார். ரப்பரையும் மணலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார நேரமில்லை, எழுந்திரு என்று சொன்னேன்.

தொட்டியின் அடியில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. அதைவிட மோசம், அந்த ஓட்டைகளுக்கு நடுவே ஒரு முழ நீளத்துக்குத் தொட்டி காகிதமாகத் தேய்ந்திருந்தது. கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய் வந்தது. சீட்டைக் கழற்றி நான் உள்ளே இறங்கினேன், செல்வம் கீழே படுத்தார். டியூப் ரப்பரையும் அலுமினியத் தகட்டையும் மேலேயும் கீழேயும் வைத்து, வாஷர் போட்டு முறுக்கினோம். அடித்தகட்டைத் திருப்பி மாட்டுவதற்கு நேரமில்லை. தண்ணீர் ஆழமாக ஓடும்போது பாறைக்குப் பயமில்லை என்று அப்படியே கிளம்பினோம். நான், செல்வம், அந்தோணி மூவரும் ஏறும்போது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பேச்சியம்மாள் வேனில் பின்னால் வந்தார். பட்டறையில் அவர் கூரைக்கு அடியில் வரவே இல்லை, மழையில்தான் நின்றிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் மறுபடி ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை.

கரையில் இறங்கும்போது வெளிச்சம் இருந்தது. வாழைத்தோப்பில் மரங்களின் குருத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. ஆற்றின் ஓட்டத்துக்குக் குறுக்கே போகாமல், மேலே ஏறிப் போய்ச் சாய்வாக இறங்கி வந்து அந்தோணி மோட்டார் ரூமைப் பிடித்தார். அவ்வளவு அழகாக யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் என் காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

குமார் அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. செல்வம் கூரைமேல் ஏறி தங்கராசுவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் ஏறினேன். மூச்சு இல்லை. மழையில் நனைந்து கிடந்தும் சட்டைக்கு உள்ளே உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

"இப்பத்தாண்ணே பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார் குமார். "தவளை வருதுன்னு சொன்னேன். எங்கன வருதுன்னு கேட்டாரு."

இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். கரையில் நின்றவர்களுக்குத் தூரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் உட்கார்ந்து வருகிறார், ஒருவர் படுத்து வருகிறார் என்பதை மறைக்கிற மாதிரி அந்த வண்டியில் எதுவும் இல்லை. பேச்சியம்மாள் முழங்கால் தண்ணீர் வரை இறங்கி வந்து வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அந்தோணி அதற்குப் பிறகு தவளையில் ஏறவில்லை. ரப்பர் பட்டை அடைத்தது தான்தான் என்று ஊர் முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். இடைவெளி எதற்கு என்று நான் சொல்லாமல் விட்டதை அவரிடம் சொன்னேன். நீ சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தம் எனக்கு ஆகியிருக்காதுப்பா, அடைத்திருப்பேன் என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். ஜீப்பையும் விற்றுவிட்டார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.

ஊரில் எல்லாரும் நான் செய்தது சரி என்றுதான் பேசினார்கள். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், கோவிலில் எனக்கு ஆறுதல் சொல்லாதவர்கள் இல்லை. ஆறுதல் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம்தான் வளர்ந்தது. கழற்றாமல் போயிருந்தால் ஒருவேளை போய்ச் சேர்ந்திருப்போமோ. அந்த உடம்புச் சூடு என் கையை விட்டுப் போகவில்லை. கடைசியில் செல்வத்தைக் கூப்பிட்டு, ஒட்டுப் போட்டதைக் கழற்றி, அன்றைக்குப் போயிருக்க வேண்டிய ஆட்களின் கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றி, பம்ப்பை ஓடவிட்டு, நீளமான கயிறு கட்டி, ஆள் ஏறாமல் கியரில் போட்டுத் தவளையைக் கண்மாயில் விட்டுப் பார்த்தேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. இப்படியே மிதந்துகொண்டிருந்தால் நான் என்ன ஆவேன் என்று நினைத்தேன். பாதி தூரம் போவதற்குள் தேய்ந்த இடம் பிளந்துவிட்டது போலிருக்கிறது. பின்பக்கம் இறங்கியது, பிறகு ஒரே சாய்வாகச் சாய்ந்து மூட்டையெல்லாம் தண்ணீரில் விழுந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தோம்.

"ஆத்துல போயிருந்தா அஞ்சு பேரும் போயிருப்போம்ண்ணே" என்றார் செல்வம்.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அன்று பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையோடு இன்னொரு காரியமும் செய்தேன். பேச்சியம்மாளிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், சொன்னால் அவர் மனதும் ஆறும் என்று எனக்குத் தோன்றியது. யார் மனது ஆற வேண்டியிருந்தது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் போனபோது அவர் கடைக்கு அனுப்ப வாழை இலை அறுத்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தோப்பில் பாதி மரம் பிழைத்திருந்தது. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை மாவு, மணல், ஓட்டை, கண்மாய், மூட்டை சாய்ந்து விழுந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு கட்டை முடித்து நாரால் இறுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"சரிண்ணே. நீங்க செஞ்சது சரின்னுதான் எல்லாரும் சொல்றாக. எங்க கொழுந்தனும் அதான் சொல்றாப்ல. ஓட்டையோட போயிருந்தா அவரும் போயிருப்பாரு, நீங்களும் போயிருப்பீக. அதெல்லாம் எனக்கு வெளங்குது."

நான் தலையாட்டினேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"எங்க அண்ணன் வைகை டேம்ல மீன் பிடிக்கிறாரு. பரிசல் வச்சிருக்காரு. அன்னைக்குப் போன் போட்டேன், எடுக்கல. நேர்ல போய்த்தான் கூட்டியாரணும். வேன் கையிலதான் நின்னுச்சு." இலையை அடுக்கிய கை நிற்கவில்லை. "எம்புட்டு நேரம் ஆகும்னு உங்களக் கேட்டேன். அரை மணின்னீக. ஒரு மணிக்கு மேல ஆகும், சொல்ல முடியாதுன்னு சொல்லியிருந்தீகன்னா நான் அங்கன போயிருப்பேன். பரிசல் அந்தத் தண்ணியில நின்னுருக்குமோ என்னமோ. எங்க அண்ணன் வந்திருப்பாரோ மாட்டாரோ. போய்க் கேட்டாச்சும் பாத்திருப்பேன்ல."

நான் கும்பிட்டு எழுந்து வந்தேன்.

நான் தகட்டைக் கழற்றியது சரியா என்று இத்தனை நாள் போராடிக்கொண்டிருந்தேன். அதை அவர் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. நான் யோசிக்காமல் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைத்தான் எடுத்தார். தேனியில் எந்தப் பட்டறையில் போய்க் கேட்டாலும் அரை மணி என்றுதான் சொல்வார்கள். டயர் மாற்றினாலும் அரை மணி, இன்ஜினை இறக்கினாலும் அரை மணி. சொல்கிறவரும் அதை நம்புவதில்லை. நானும் வேலைக்கு வந்த நாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அதையே சொல்லிப் பழகியவன். அது எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் இப்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கேட்டவர் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடக் கூடாது, அதற்குத்தான் அந்த அரை மணி.

அன்றைக்கும் அது தன் வேலையைச் செய்தது. அவர் வேறு எங்கும் போகவில்லை.